ஃப்ளோரிடாவில் சிங்கமீன் வேட்டை: ஈட்டியிலிருந்து வறுவல் சட்டி வரை

என்னைச் சிங்கமீன் (lionfish) குத்தியது கடலுக்கு அடியில் இல்லை, வீட்டுச் சமையலறையில். ஐஸ் பெட்டியில் ஆறு மணி நேரம் கிடந்து விறைத்துப்போன மீன். செத்ததுதானே என்று கையுறைகூடப் போடாமல் வாலைப் பிடித்துத் தூக்கினேன். அது வழுக்கித் திரும்பியதில் விஷமுள்ள முதுகு முள் ஒன்று கட்டைவிரலுக்குக் கீழே சதையில் இறங்கிவிட்டது. சின்ன வயதில் தூத்துக்குடியில் கெளுத்தி முள் குத்தி ஊரைக் கூட்டியவன் நான். இது அந்த வலிக்கு அண்ணன். கை முழங்கை வரை கனத்துப் போய், விரல் வாழைப்பழம் மாதிரி வீங்கி, அன்றைக்கு மீனைச் சமைத்தது என் மனைவிதான்.

அதற்குப் பிறகும் நான் இந்த வேட்டையை விடவில்லை. ஃப்ளோரிடாவில் இருக்கும் நம் ஆட்கள் சிலர் ஸ்கூபா கற்றுக்கொண்டுவிட்டு "எப்படிப் பிடிக்கிறது, நிஜமாகவே சாப்பிடலாமா?" என்று அடிக்கடி கேட்பதால், எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும். தண்ணீருக்குள் அசையாமல் ஒரே மட்டத்தில் நிற்கத் தெரியாதவர்கள் இன்னும் இருபது முப்பது டைவ் சும்மா போய்வந்துவிட்டு இதைப் படியுங்கள். ஒரு கையில் ஈட்டி, இன்னொரு கையில் மீன் போடும் குழாய், கண் மீன் மேல் என்று இருக்கும்போது உங்கள் துடுப்புக்காலணி பவளத்தை உடைத்துக்கொண்டிருந்தால், மீனைவிட நீங்கள்தான் பாறைக்குப் பெரிய தொல்லை.

இந்த மீன் இங்கே என்ன செய்கிறது?

எங்கள் ஊர்க் கடலுக்கு இது சொந்த மீன். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் உண்டு, இலங்கையைச் சுற்றி உண்டு, செங்கடலிலிருந்து பசிபிக் வரைக்கும் உண்டு. வலையில் ஒன்றிரண்டு சிக்கும், முள்ளுக்குப் பயந்து எடுத்து ஓரமாக வீசிவிடுவார்கள். அங்கே அது இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிறது. அட்லாண்டிக்கில் அப்படி இல்லை.

1985இல் ஃப்ளோரிடாவின் டேனியா பீச் அருகே முதல் மீன் பதிவானது. மீன் தொட்டியில் வளர்த்தவர்கள் கடலில் விட்டதுதான் காரணம் என்பது பரவலான முடிவு. 1992இல் ஆண்ட்ரூ புயல் ஒரு தொட்டியை உடைத்து ஆறு மீன்கள் தப்பித்தன, அதிலிருந்து பெருகியதுதான் எல்லாம் என்ற கதையைப் படகில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். முதல் மீன் அதற்கு ஏழு வருடம் முன்னாலேயே வந்துவிட்டதே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 2000வாக்கில் வட கரோலினா, 2004இல் பஹாமாஸ், 2009இல் ஃப்ளோரிடாவின் தென்முனைத் தீவுகளான கீஸ், 2010இல் மெக்சிகோ வளைகுடா, 2014இல் பிரேசில் கரை வரை போய்விட்டது. பார்வைக்கு ஒன்றேபோல் இருக்கும் இரண்டு இனங்கள் இதில் கலந்திருக்கின்றன. வேட்டைக்காரனுக்கு அந்த வித்தியாசத்தால் ஒரு பயனும் இல்லை.

ஏன் இவ்வளவு வேகம் என்றால், ஒரு வயது ஆவதற்குள் முட்டை போடத் தொடங்கிவிடும். அதன் பிறகு சில நாட்களுக்கு ஒருமுறை, வருடம் முழுக்க. ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முட்டைகள் பசை உருண்டையாக மிதந்து, குஞ்சுகள் மூன்று நான்கு வாரம் நீரோட்டத்தோடு போய், எங்கே பாறை கிடைக்கிறதோ அங்கே இறங்கிவிடுகின்றன. இங்கே உள்ள சின்ன மீன்களுக்கு இதைப் பார்த்தால் பயமே வருவதில்லை, ஏதோ பாசி ஆடுகிறது என்று பக்கத்திலேயே நிற்கும். அது பக்கத்துடுப்பை இரண்டு விசிறிபோல் விரித்து ஓரத்தில் ஒதுக்கி, வாயால் தண்ணீரைப் பீய்ச்சும். குட்டி மீன் என்னடா என்று முகத்தைத் திருப்பும். அவ்வளவுதான், தலையோடு உள்ளே. பஹாமாஸில் சின்னச் சின்னப் பாறைத் திட்டுகளில் சோதனை செய்து 2008இல் வெளியிட்டார்கள்: ஒரே ஒரு சிங்கமீனை விட்ட திட்டுகளில், ஐந்து வாரத்தில் புதிதாகச் சேரும் உள்ளூர் மீன்குஞ்சுகளின் எண்ணிக்கை 79 சதவீதம் குறைந்துவிட்டது.

நீங்களும் நானும் ஈட்டி எடுத்துப் போனால் இது ஒழிந்துவிடுமா? ஒழியாது. நீர்மூழ்கியில் போனவர்கள் இதை 300 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு ஸ்கூபாவுக்கு எல்லை 40 மீட்டர். கீழே இருக்கும் கூட்டத்தை யாரும் தொடப் போவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட பாறையைச் சுத்தமாக வைத்திருக்க முடியும், அதற்கு ஒரே வழி அதே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போவது. வாராவாரம் புது இடம் தேடி அலைபவர்களுக்கு நல்ல போட்டோ கிடைக்கும். பாறையில் குட்டி மீன்கள் திரும்பி வருவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மூன்றே மூன்று இடத்தைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது அதே இடத்தில் இறங்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் எத்தனை பார்த்தேன், எத்தனை எடுத்தேன், எவ்வளவு நீளம் என்று ஒரு பழைய நோட்டில் எழுதிவைக்கிறேன்.

சட்டம்: கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்

ஃப்ளோரிடாவில் சிங்கமீனுக்கு அளவு வரம்பு இல்லை, எண்ணிக்கை வரம்பு இல்லை, பருவத் தடையும் இல்லை. கை ஈட்டி, ஹவாய் கவண் (ரப்பரை இழுத்து ஈட்டியை எய்வது), கைவலை, அல்லது சிங்கமீனுக்கென்றே செய்து விற்கும் கருவி, இவற்றில் பிடித்தால் மீன்பிடி உரிமமும் வேண்டாம். தூண்டிலில் பிடிப்பதாக இருந்தால் உரிமம் வேண்டும். ஈட்டி கையில் இருக்கிறதே என்று போகிற போக்கில் ஒரு களவாவையோ செங்கனியையோ குத்திவிட்டால் அந்தச் சலுகை எதுவும் செல்லாது, அபராதம் வலிக்கும்.

இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பொதுமக்கள் குளிக்கும் கடற்கரை, மீன்பிடி மேடை, மீன் பிடிக்க அனுமதி உள்ள பாலப் பகுதி, இவற்றிலிருந்து 100 கஜத்துக்குள் ஈட்டி கூடாது. கீ லார்கோவில் ஜான் பென்னிகாம்ப் பூங்கா எல்லைக்குள் ஈட்டி வேட்டையே கிடையாது. கீஸ் தேசியக் கடல் சரணாலயத்தில் சில பாறைகள் எதையுமே எடுக்கக் கூடாத பகுதிகள், மஞ்சள் மிதவை போட்டிருப்பார்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், ஆகவே போகிற வாரம் ஃப்ளோரிடா மீன்வள வனவிலங்கு ஆணையத்தின் பக்கத்தைத் திறந்து உங்கள் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்புறம், டைவர் கொடி, அதாவது தண்ணீருக்குள் ஆள் இருக்கிறார் என்று மற்றப் படகுகளுக்குக் காட்டுவது. படகில் கொடி இல்லாமல் இறங்காதீர்கள், திறந்த கடலில் கொடியிலிருந்து 300 அடிக்குள்ளேயே இருங்கள்.

விடுமுறைக்குக் கரீபியன் தீவுகளுக்குப் போகிறவர்கள் ஈட்டியைப் பெட்டியில் போடுவதற்கு முன் விசாரியுங்கள். பஹாமாஸில் ஸ்கூபா மாட்டிக்கொண்டு ஈட்டி பிடிப்பதே குற்றம், மூச்சடக்கித்தான் இறங்க வேண்டும். கேமன் தீவுகளில் உரிமம் பெற்றவர்கள் மட்டும். பொனேரில் பயிற்சி முடித்த தன்னார்வலர்களுக்குத் தனிக் கருவி கொடுக்கிறார்கள்.

என்ன வாங்குவது

பெரிய துப்பாக்கி ஈட்டி எல்லாம் வேண்டாம். மூன்றடிக்குள் ஒரு குட்டைக் கை ஈட்டி, நுனியில் மூன்று அல்லது ஐந்து கூர்கள் விரிந்தது, பின்னால் ஒரு ரப்பர் வளையம். இந்த மீன் ஓடாது, ஒரு சாண் தூரத்தில் நின்று குத்துகிற வேலை, நீளமான ஈட்டி பாறை இடுக்கில் திரும்பாது.

ஈட்டியைவிட முக்கியமானது மீனைப் போட்டுவைக்கும் குழாய். ஸூகீப்பர் என்ற பெயரில் விற்பதைத்தான் பெரும்பாலானவர்கள் வைத்திருக்கிறார்கள். கனமான பிளாஸ்டிக் குழாய். வாயில் ஒரு புனல், அதில் உள்பக்கம் மட்டும் மடங்கும் ரப்பர் பட்டைகள். ஈட்டியோடு மீனை உள்ளே தள்ளி, ஈட்டியை மட்டும் வெளியே இழுத்தால் பட்டைகள் மீனை வழித்து உள்ளே விட்டுவிடும். கை மீனில் படவே வேண்டாம். கைத்திறமை உள்ளவர்கள் கழிவுநீர்க் குழாயை வெட்டி வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள், அதுவும் வேலை செய்யும். வலைப்பை மட்டும் கூடவே கூடாது. முள் அதில் தாராளமாக வெளியே நீட்டும், அது உங்கள் தொடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

முள் துளைக்காத கையுறை என்று விற்பதை வாங்கலாம், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அதை நம்பி மீனைக் கையால் பிடிக்காதீர்கள். இந்த மீனின் முள் ஊசி மாதிரி. துணி அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. இவற்றோடு ஒரு நல்ல ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். அது இல்லாமல் நான் இப்போது படகு ஏறுவதில்லை.

கண்டுபிடிப்பது

முதல் சில டைவில் ஒன்றுமே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் பத்து எடுத்திருப்பார், நீங்கள் அதே பாறை மேல் நீந்திப் போயிருப்பீர்கள். காரணம், நாம் மேலேயிருந்து பார்க்கிறோம், அது கீழே ஒளிந்திருக்கிறது. பகலில் பாறை விளிம்புக்கு அடியில், மூழ்கிய கப்பலின் தகட்டுக்குக் கீழே, பழைய டயர், கான்கிரீட் குழாய் இவற்றின் உள்ளே, பல நேரம் தலைகீழாக, வயிற்றைக் கூரையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே மணல் மட்டத்துக்கு இறங்கி, தலையைச் சாய்த்து, டார்ச் அடித்துக்கொண்டே விளிம்பைத் தொடருங்கள். ஆழத்தில் சிவப்பு நிறம் செத்துவிடுவதால் மீன் பழுப்பு நிழல் மாதிரிதான் தெரியும். டார்ச் பட்டதும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் பளிச்சென்று எரியும்.

சூரியன் சாயும் நேரத்திலும் விடிந்தவுடனும் வெளியே வந்து மிதந்து வேட்டையாடும், அப்போது கண்ணில் படுவது சுலபம். ஒன்றைப் பார்த்தால் அங்கேயே நின்று சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இரண்டு மூன்று சேர்ந்துதான் இருக்கும். பெரிய சிங்கி இறால் இருக்கும் இடுக்குகளிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடுக்குக்குள் கையை விட்டுவிடாதீர்கள், உள்ளே விலாங்கு மாதிரிப் பெரிய மோரே இருக்கும். அது கடித்தால் சிங்கமீன் குத்தியதே தேவலை என்று ஆகிவிடும்.

குத்துவது

அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேட்டை சரிவராது. மீனைப் பார்த்ததும் முதலில் மூச்சை ஒழுங்குபடுத்துங்கள், காற்று எவ்வளவு இருக்கிறது என்று மீட்டரைப் பாருங்கள், அப்புறம் மீனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பவளமோ கடற்பஞ்சோ இருந்தால் கோணத்தை மாற்றுங்கள். மெதுவாக, நேராக, அதன் கண்ணுக்குத் தெரியும்படியே போகலாம். அதற்கு யார் மேலும் பயம் கிடையாது. முள்ளை உங்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு அங்கேயே நிற்கும், அதுதான் அதன் மொத்தத் தற்காப்பும்.

ரப்பரை இழுத்துப் பிடித்து, ஈட்டி நுனியை மீனிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். குறி, கண்ணுக்குச் சற்றுப் பின்னால், செவுளுக்கு மேலே. பிடியைத் தளர்த்தினால் ஈட்டி தானாகப் போகும். பட்டதும் இழுக்காதீர்கள்; பாறையோடோ மணலோடோ சேர்த்து இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடியுங்கள், கூர்கள் நன்றாக மறுபக்கம் வரட்டும். பாதி குத்தி இழுத்தால் மீன் ஈட்டியில் சுழன்று உங்கள் பக்கமே வழுக்கி வரும்.

குறி தவறினால் ஒரு முறைக்கு மேல் துரத்தாதீர்கள். உள்ளே போய்விட்டதென்றால் விடுங்கள், இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு சுற்றிவிட்டு வாருங்கள், பாதி நேரம் அதே இடத்தில் நிற்கும். அடிபட்டுத் தப்பிய மீன் பாடம் படித்துக்கொள்கிறது. அடிக்கடி வேட்டையாடும் பாறைகளில் இவை பகலில் இன்னும் உள்ளே தள்ளி ஒளிகின்றன என்று ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள், என் நோட்டும் அதைத்தான் சொல்கிறது. தவறவிட்ட ஒவ்வொரு குத்தும் அடுத்த முறை போகும் உங்களுக்கே வேலையைக் கூட்டும்.

குத்திய மீனை ஈட்டி நுனியில் உங்களை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, குழாயை மற்றக் கையால் பின்பக்கமாகப் பிடியுங்கள், புனல் வாய்க்குக் கீழே விரல் வைக்காதீர்கள். உள்ளே தள்ளி, ஒரு சுழற்று, வெளியே இழு. முதல் நாள் இதற்கு ஐந்து நிமிடம் ஆகும், பிறகு ஐந்து நொடி.

ஒரு கெட்ட பழக்கம் பற்றிச் சொல்லியாக வேண்டும். குத்திய மீனைச் சுறாவுக்கோ களவாவுக்கோ மோரேவுக்கோ நீட்டி, "பழக்கிவிட்டால் அவையே தின்றுவிடும்" என்று வீடியோ எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹோண்டுராஸின் ரொவாட்டான் பக்கம் இதை முயன்று பார்த்தார்கள். அவை என்ன கற்றுக்கொள்கின்றன என்றால், டைவர் வந்தால் சாப்பாடு வரும் என்பதை மட்டும்தான். ஈட்டியோ குழாயோ இல்லாமல் சும்மா கேமராவோடு வரும் ஒருவரைச் சுற்றி மூன்று சுறா வட்டமடித்தால் அவருக்கு எப்படி இருக்கும்? ஃப்ளோரிடாவில் டைவர்கள் மீனுக்குத் தீனி போடுவதே சட்டவிரோதம். சுறா நெருங்கி நெருங்கி வந்தால் குழாயைப் படகிலிருந்து விடும் கயிற்றில் மாட்டி மேலே அனுப்பிவிட்டு அன்றைய வேட்டையை முடித்துக்கொள்ளுங்கள்.

காற்று விஷயம் இன்னொரு முறை. இந்த மீன் யாரையும் கொன்றதாக இங்கே பதிவில்லை. "இன்னும் ஒன்றே ஒன்று" என்று ஆழத்தில் காற்றுத் தீரும் வரை நிற்கும் புத்திதான் ஆபத்து. நான் ஒரு எண்ணை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வேன், மீட்டர் அந்த எண்ணுக்கு வந்தால் கண்ணெதிரே பெரிய மீனே நின்றாலும் மேலே கிளம்பிவிடுவேன். அது அடுத்த மாதமும் அங்கேதான் இருக்கும்.

குத்திவிட்டால்

மொத்தம் 18 விஷ முட்கள்: முதுகில் 13, வயிற்றுத் துடுப்பில் பக்கத்துக்கு ஒன்றாக 2, வாலுக்கு முன்னால் அடிப்பக்கத் துடுப்பில் 3. விசிறிபோல் அகலமாக இருக்கும் பக்கத்துடுப்பிலும் வாலிலும் விஷம் இல்லை. பார்க்கப் பயமுறுத்துவது அந்த விசிறிதான், குத்துவது மற்றவை.

தண்ணீருக்குள் குத்தினால் பதறி மேலே பாயக் கூடாது. கூட வந்தவருக்குச் சைகை காட்டி, வழக்கமான வேகத்தில், வழியில் வழக்கமாக நிற்கும் மூன்று நிமிட நிறுத்தத்தோடு மேலே வாருங்கள். வலி அந்த மூன்று நிமிடத்தில் கூடத்தான் செய்யும், ஆனால் நுரையீரலை விட விரல் மலிவு. படகுக்கு வந்ததும் மோதிரத்தைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழற்ற வராது. முள் துண்டு தெரிந்தால் எடுங்கள். பிறகு வெந்நீர். விஷம் புரதம், சூட்டில் செயலிழக்கும். தாங்கக்கூடிய சூடு, அதாவது 45 டிகிரி செல்சியஸ் அளவு, அதற்கு மேல் வேண்டாம். 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வைத்திருங்கள், ஆறினால் மாற்றுங்கள். சூட்டை அடிபடாத கையால் பாருங்கள். குத்திய கைக்கு அந்த நேரத்தில் சூடு சரியாகத் தெரியாது, வலியில் இருப்பவர் கொதிநீரில் கையை விட்டுவிட்டு அப்புறம் தீக்காயத்துக்கு மருந்து போடுகிற கதை ஆகிவிடும். திருக்கை குத்தினாலும் இதே வைத்தியம்தான். ஐஸ் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள்.

மூச்சு முட்டினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, மயக்கம் வந்தாலோ வெந்நீர் வைத்தியத்தோடு நிற்காமல் கரைக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு அவசர எண் 911ஐ அழையுங்கள். எனக்கு வெந்நீரில் வைத்த இருபதாவது நிமிடத்தில் வலி பாதியானது. வீக்கம் மட்டும் நான்கு நாள் இருந்தது.

வெட்டுவது

படகிலேயே குழாயில் இருந்து நேராக ஐஸ் பெட்டியில் கொட்டி, பெட்டி மேல் "முள்" என்று எழுதிவிடுங்கள். யாராவது சோடா எடுக்கக் கையை விடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன். வீட்டில் எடுக்கும்போது இடுக்கியால் கீழ்த்தாடையைப் பிடித்து எடுங்கள். என்னைப் போல் வாலைப் பிடிக்காதீர்கள்.

பலகையில் படுக்க வைத்து, கனமான சமையலறைக் கத்தரிக்கோலால் முதுகு முட்களை வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கமாக அடியோடு வெட்டுங்கள். எண்ணிக்கொண்டே வெட்டுங்கள், 13 வர வேண்டும். திருப்பி வயிற்றுப் பக்கம் 2, பின்னால் 3. வெட்டிய முட்களைக் காலியான பால் கேனில் போட்டு மூடி, அப்படியே குப்பைக்கு. வெறும் பையில் போட்டால் குப்பை எடுப்பவர் கையில் ஏறும். இதற்குப் பிறகு இது சாதாரண மீன். சதையில் விஷமே கிடையாது.

வயிற்றைக் கீறும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குடலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு அடைத்திருக்கும், அவ்வளவு தீனி. இரைப்பையைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன முறை ஒரு 35 சென்டிமீட்டர் மீனுக்குள் பாதி கரைந்த சின்ன இறால்கள் ஏழு, விரல் நீளத்தில் ஒரு கிளிமீன் குஞ்சு, பச்சை நிறம்கூடப் போகவில்லை. அதன் இரைப்பை சாதாரண அளவைப் போல் 30 மடங்கு வரை விரியும் என்று படித்தபோது நம்பவில்லை, பார்த்தபிறகு நம்பினேன். நோட்டில் அதையும் எழுதுகிறேன்.

மீன் உடம்பில் புண்கள் இருந்தால் சமைக்காதீர்கள், ஆணையத்துக்குத் தகவல் கொடுங்கள். 2017இல் மெக்சிகோ வளைகுடாவின் வடக்கே இப்படித் தோல் புண் பரவியது, அதையொட்டி எண்ணிக்கையும் சரிந்தது. இன்னொன்று சிகுவேட்டரா. இது பவளப்பாறைப் பாசியிலிருந்து மீனுக்கு மீன் சேர்ந்துவரும் நஞ்சு, சமைத்தாலும் போகாது, களவா சாப்பிட்டாலும் இதே கவலைதான். உங்கள் பகுதியில் பெரிய களவாவை உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதில்லை என்றால் அதே இடத்துச் சிங்கமீனையும் விட்டுவிடுங்கள்.

சமைப்பது

முள் எடுத்துத் துண்டாக்கினால் மீனின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது, அதனால் ஆறு பேருக்கு வறுவல் என்றால் பத்து மீனாவது வேண்டும். சதை வெள்ளை, மெல்லிய இனிப்பு, கவிச்சி கிடையாது. ஹோல் ஃபுட்ஸ் கடைகளில் 2016இல் இதை ஃப்ளோரிடாவில் விற்கத் தொடங்கினார்கள், விலை கேட்டுவிட்டு நான் ஈட்டியே போதும் என்று வந்துவிட்டேன்.

வறுவலுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு கரண்டி அரிசி மாவு. வஞ்சிரத்துக்குப் போடுகிற காரத்தில் பாதி போடுங்கள், இல்லாவிட்டால் மீன் ருசி தெரியாது. பதினைந்து நிமிடம் ஊறினால் போதும், அதிகம் ஊறினால் எலுமிச்சையில் சதை குழைந்துவிடும். இரும்புக் கல்லில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம். புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தேன், கரண்டி பட்டதும் நார் நாராகப் பிரிந்து காணாமல் போய்விட்டது. தேங்காய்ப்பால் சொதிதான் சரி: சொதி கொதித்து இறக்குகிற நேரத்தில் துண்டுகளைப் போட்டு மூடிவிட்டால் அந்தச் சூட்டிலேயே வெந்துவிடும். யாழ்ப்பாணத்து நண்பர் வீட்டில் கற்றது, அவர் இதில் கொஞ்சம் வெந்தயமும் பச்சை மிளகாயும் தூக்கலாகப் போடுவார்.

தலையையும் நடுமுள்ளையும் எறியாமல் வேகவைத்து வடிகட்டிச் சொதிக்கே அந்தத் தண்ணீரைச் சேர்க்கலாம். கன்னத்தில் சின்னச் சின்ன முள் இருக்கும், விஷம் இல்லை, தொண்டையில் மாட்டினால் மாட்டினதுதான், ஆகவே வடிகட்டி முக்கியம்.

மே மாதத்தில் அன்னையர் தினத்துக்கு அடுத்த வாரக் கடைசியில் ஆணையம் சிங்கமீன் தினம் நடத்துகிறது, ஃப்ளோரிடாவின் டெஸ்டின் நகரில் பெரிய போட்டியும் உண்டு. 2019 போட்டியில் இரண்டே நாளில் 14,000 மீனுக்கு மேல் எடுத்தார்கள். தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் அங்கே போனால் வெட்டிக் காட்டுவார்கள், சமைத்தும் கொடுப்பார்கள். வீட்டுத் தொட்டியில் இந்த மீனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கிறவர்கள் இருந்தால் கடலில் மட்டும் விடாதீர்கள், வேண்டாத அயல் செல்லப் பிராணிகளை வாங்கிக்கொள்ளவே ஆணையம் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. 2014 ஆகஸ்டிலிருந்து உயிருள்ள சிங்கமீனை ஃப்ளோரிடாவுக்குள் கொண்டுவருவதற்கே தடை.

கடைசியாக அந்த விசிறித் துடுப்பு. பெலீஸில் அதைக் காயவைத்துக் காதணி செய்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் மகள் பிடித்துக்கொண்டாள். துடுப்பை வெட்டி, அட்டையில் விரித்துக் குண்டூசி குத்தி, உப்புத் தூவி நிழலில் வைத்தால் நான்கைந்து நாளில் காகிதம் மாதிரி ஆகிவிடும். பால்கனியில் வையுங்கள். நாங்கள் முதல் முறை துணி துவைக்கும் அறையில் வைத்துவிட்டு, ஒரு வாரம் சட்டையெல்லாம் கருவாட்டு வாசனையோடு அலுவலகம் போனோம்.